கோத்தகிரி சபையில் யாரும் பேசுவதில்லை: பதில்

தம்பி, பாளையங்கோட்டைல இருந்து மாற்றலாகி கோத்தகிரி வந்து ஆறு மாசமா ஆராதனைக்குப் போறேன், ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க, இனி யூடியூப்ல பாத்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. படிச்சதும் மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

நம்ம பக்கம் ஆராதனை முடிஞ்சதும் பாதி ஜனம் எஸ்டேட் பஸ்ஸுக்கு ஓடும், அதை விட்டா அடுத்த பஸ் எப்பன்னு தெரியாது, அதுலயும் மழை மிஸ்ட்னா குடையும் பைபிளுமா வாசல்ல செருப்பு மாட்டக்கூட நேரமிருக்காது, அதை வெறுப்புன்னு எடுத்துக்காதீங்க. ஆனா புதுசா வந்தவரை ஆறு மாசமா விசாரிக்காதது சபையோட தப்புதான், அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. எபிரெயர் 10:25ல கூடிவர்றதை விட்டுடாதீங்கன்னு சொல்ற அதே வசனம் ஒருத்தருக்கொருத்தர் புத்தி சொல்லவும் சொல்லுதே.

முதல்ல பாளையங்கோட்டைல உங்க பழைய சபைல உறுப்பினர் மாற்றக் கடிதம் வாங்குங்க. இங்க நீலகிரி சபைகள் கோயம்புத்தூர் திருமண்டலத்துல வருது, உங்களுது திருநெல்வேலி திருமண்டலம், ரெண்டும் சிஎஸ்ஐதான் (தென்னிந்திய திருச்சபை). கடிதத்தை ஆயர் கையில நேரா குடுத்து சந்தா கட்டுங்க, அப்பதான் பேரு ரிஜிஸ்டர்ல ஏறும், வீடு சந்திக்கவும் வருவாங்க.

அதைவிட முக்கியம் வாரநாள் வீட்டு ஜெபக்கூட்டம், உங்க ஏரியாவுல யார் வீட்லன்னு கோயில் வேலைகளைப் பாத்துக்கற கோயில்குட்டியார்கிட்ட கேளுங்க. பத்து பேர் பாய்ல உக்காந்து பாடி, ஆளாளுக்கு ஜெபக்குறிப்பு சொல்லி, சூடா டீயும் வர்க்கியும் சாப்பிட்டுட்டு எந்திரிக்கும்போது எல்லாருக்கும் உங்க பேரு தெரிஞ்சிருக்கும். பாட வரும்னா பாடகர் குழுவுலயும் கேட்டுப்பாருங்க, கிறிஸ்மஸ் கேரல் சமயத்துல ஆள் தேடுவாங்க.

எந்த ஏரியான்னு போடுங்க தம்பி, தெரிஞ்சவங்க இருந்தா சொல்லி வைக்கிறேன்.