அறிவு 6, வசீகரம் 7: இந்த வீரனை எப்படிப் பேச வைப்பது?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுனில் சனிக்கிழமை இரவுகளில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி நடத்தும் கதை ஆட்டம் அது. பேச்சு பெரும்பாலும் தமிழில்தான். பகடை உருட்டித்தான் கேரக்டர் உருவாக்க வேண்டும் என்று கதையை நடத்தும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) சொல்லிவிட்டார். எனக்கு விழுந்தது பலம் 17, உடல் உறுதி 16, லாவகம் 12, விவேகம் 11, வசீகரம் 7, அறிவு 6. போர்வீரனாக எடுத்து வேலன் என்று பெயர் வைத்தேன். முதல் இரண்டு வாரம் திக்கித் திக்கி, ரப்பர் தோட்டத்து ஆள் மாதிரி பேசினேன், எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை, எனக்கும் அலுத்துவிட்டது. இப்போது நல்ல யோசனை ஏதாவது சொன்னால், "அறிவு 6-க்கு இது எப்படித் தெரியும்?" என்று மடக்குகிறார்கள். அதனால் சண்டை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் 4-ஆம் நிலைக்குப் போகிறோம். அப்போது அறிவை ஏற்றிவிடலாமா, இல்லை ஆளையே மாற்றிவிடலாமா?

பதில்: ஆளை மாற்ற வேண்டாம். பல வருடங்களாகக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ் மேசைகளுக்கு டி.எம். ஆக இருந்து வருகிறேன். கதையில் கடைசிவரை எல்லோர் மனத்திலும் நின்ற பாத்திரங்களில் பாதி இப்படிப்பட்ட வேலன்கள்தான். உங்கள் வேலனுக்கு எண் குறைவாக இருப்பது குறையே அல்ல. அந்த எண்ணுக்கு உங்கள் மேசை கொடுக்கும் அர்த்தத்தில்தான் கோளாறு இருக்கிறது.

முதலில் அந்த 6 எவ்வளவு சின்ன விஷயம் என்று பாருங்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 10, 11 என்றால் பகடையில் விழும் எண்ணோடு கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. அதிலிருந்து இரண்டு இரண்டாக இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் ஒன்று கழியும். ஆக, 6-க்குக் கழிவு 2. இருபது முகப் பகடையில் 15-ஆவது வர வேண்டிய நடுத்தரச் சோதனையைச் சராசரி மனிதன் ஆறு முகங்களில் தாண்டுவான், வேலன் நான்கு முகங்களில் தாண்டுவான். 10 வந்தால் போதும் என்கிற எளிய சோதனையில் அவனுக்கு 11 முகம், இவனுக்கு 9. வித்தியாசம் இவ்வளவுதான். 1974-இல் இந்த ஆட்டம் முதன்முதலில் வெளிவந்தபோது ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று ஆறு முகப் பகடை உருட்டினார்கள். அந்த 216 சேர்க்கைகளில் 20, ஆறோ அதற்குக் கீழோ வரும். அதாவது 11 பேர் நின்றால் அதில் ஒருவர் வேலன். நம் தெருவில், நம் உறவில் இருக்கிற ஆள். அதே 2014 பதிப்பில் ஓகர் என்ற அரக்கனுக்கு அறிவு 5. அவன்கூட இரண்டு மொழி பேசுகிறான்! எனவே வேலன் திக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தத் திக்கல் விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நம் மேசைகளில் ‘அறிவு குறைவு’ என்றதும் பலர் உடனே தோட்டத்துத் தமிழுக்குத் தாவுகிறார்கள். என் தாத்தா சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். கையெழுத்துக்குப் பதில் ரேகைதான் வைப்பார். ஆனால் விடிவதற்கு முன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும்போதே, வாசலில் நின்று மூக்கை உயர்த்தி, "இன்னைக்கு மரம் நனையும், வெட்டு இல்ல" என்று சொல்லிவிடுவார். இருட்டில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பட்டையைச் சீவும்போது கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பது அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு முடிச்சு விழுந்துவிடும். அடுத்த முறை அந்த இடத்தில் வெட்ட முடியாது. இந்த ஆட்டத்தின் கணக்கில் அவருக்கு அறிவு எண் குறைவாகவே விழலாம், ஏனென்றால் விதியில் அறிவு என்பது ஏட்டு ஞாபகமும் தர்க்கமும்தான். வரலாறு, மந்திர சாஸ்திரம், சமயம், இயற்கை நூல், தடயம் தேடித் துப்பறிதல் எல்லாம் அதில் அடங்கும். கண்ணால் கவனிப்பது, ஒருவன் பொய் சொல்கிறானா என்று முகம் பார்த்துக் கண்டுகொள்வது, காட்டில் வழி பிடிப்பது, மிருகத்தைப் பழக்குவது எல்லாம் விவேகத்தின் கீழே வருகின்றன. உங்கள் வேலனுக்கு விவேகம் 11. அவன் கண்ணிலும் காதிலும் ஒரு குறையும் இல்லை. அவனை முட்டாளாக ஆடியபோது, அவனிடம் நன்றாக இருந்த ஒன்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டீர்கள்.

இனி செய்ய வேண்டியது. கேரக்டர் தாளின் பின்பக்கம் வேலனுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று காரியங்களை எழுதுங்கள். பெரிய காரியங்கள் வேண்டாம். கோட்டை வாசலில் இராக்காவல் நின்றவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவல் எப்போது மாறும், எந்த மணி நேரத்தில் ஆளுக்குத் தூக்கம் சொக்கும், கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அடுத்து, அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்த மூன்று சட்டங்களை எழுதுங்கள். "அடிபட்டவனை விட்டுட்டு வராதே", "சோறு போட்ட வீட்டுல கை வைக்காதே", "கதவுக்கு முதுகைக் காட்டாதே" என்கிற மாதிரி. அறிவு குறைந்த மனிதன் யோசிக்காதவன் இல்லை. யாரோ பெரியவர் யோசித்து வைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்பவன். நிலைமை அந்தச் சட்டத்தோடு பொருந்தினால் மற்ற எல்லோரையும்விட வேகமாக முடிவெடுப்பான். பொருந்தாவிட்டால் அப்படியே நின்று, தோழர்களின் முகத்தைப் பார்ப்பான். அந்த நிற்றலை நீங்கள் ஆடுங்கள். "வேலன் கையில கத்திய வச்சுக்கிட்டு மந்திரவாதியைத் திரும்பிப் பாக்குறான்" என்று சொன்னால் போதும், மேசை முழுக்க உங்கள் பக்கம் திரும்பும்.

நல்ல யோசனை தோன்றும்போது என்ன செய்வது என்பதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது. அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, யோசனையைப் பாத்திரத்தின் வாயில் வைக்காமல் மேசைக்குக் கொடுப்பது. "இத நான் சொல்றேன், வேலன் இல்ல" என்று சொல்லிவிட்டு மந்திரவாதியாக ஆடுபவரிடம் ஒப்படையுங்கள். அவர் அதைத் தன் பாத்திரத்தின் வாயால் பேசட்டும். எதிரே இருக்கிறவரின் பாத்திரத்தைப் புத்திசாலியாகக் காட்டுவதும் நல்ல ஆட்டம்தான். ஆனால் அடுத்த சனிக்கிழமை பகடையை எடுப்பதற்கு முன்பே டி.எம்.மிடமும் மற்றவர்களிடமும் இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தர்க்கம் வரும்.

இரண்டாவது வழி எனக்கு மிகப் பிடித்தது. யோசனையை வேலனின் அனுபவத்துக்குள் கொண்டுபோவது. கோட்டைக்குள் நுழைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மந்திரவாதி சொல்வார்: "காவல் மாறும் நேரத்தைக் கணக்கிட்டால், விளக்கு அணைந்ததற்குப் பிறகு நமக்குக் கால் மணி நேரம் கிடைக்கும்." அதையே வேலன் சொல்கிறான்: "விளக்கு அணையும். அந்த ஆளு போயிருவான். அடுத்த ஆளு சோறு தின்னுட்டுத்தான் வருவான். நானும் அப்படித்தான் வருவேன்." விஷயம் ஒன்றுதான். ஆனால் இதைக் கேட்டு யாரும் "அறிவு 6-க்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க முடியாது. அவன் கணக்குப் போடவில்லை, அங்கே நின்றிருக்கிறான். அவன் வாக்கியங்களையும் கவனியுங்கள். கொச்சையும் இல்லை, திக்கலும் இல்லை. ‘ஏனென்றால்’, ‘ஆகவே’, ‘ஒருவேளை இப்படியானால்’ என்ற கண்ணிகள் மட்டும் இல்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக, நடந்தது நடந்தபடி வருகிறது. காரணத்தைக் கேட்பவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் அறிவு குறைந்தவனை மரியாதையோடு ஆட இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்திய ஓர் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆளுநரிடமிருந்து ஒரு கடிதம். நான்கு பேரும் முக்கால் மணி நேரம் அதன் வாசகத்தை அலசினார்கள். அறிவு 7 உள்ள வீரனாக ஆடிய பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. பிறகு கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். "எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். நிஜக் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய், "டி.எம்., இதுல என்ன வாடை அடிக்குது?" என்று கேட்டார். நான் அதைப் பற்றி யோசித்தே வைத்திருக்கவில்லை. பகடை உருட்டச் சொன்னேன், 16 விழுந்தது. "கருவாடு" என்றேன். அரண்மனையில் எழுதிய கடிதத்தில் கருவாட்டு வாடை எப்படி? அன்று இரவு கதை துறைமுகத்துக்குப் போனது, அடுத்த மூன்று மாதம் அங்கேதான் ஓடியது.

ஆனால் வேலனின் எளிமை ஒவ்வொரு முறையும் பலித்துக்கொண்டே இருந்தால் அது பொய்யாகிவிடும். மாதத்தில் ஒரு தடவையாவது, தவறு என்று உங்களுக்கே தெரிந்த முடிவை வேலன் எடுக்கட்டும். அதில் ஒரு நியாயம் மட்டும் பாருங்கள்: அடி முதலில் வேலன் மேல் விழ வேண்டும். அதே பிரிக்பீல்ட்ஸ் வீரன், "அடிபட்டவனை விட்டுட்டு வராதே" என்ற சட்டத்துக்காக எதிரிப் படையின் காயம்பட்ட பையனைத் தூக்கப் போய், தானே பிடிபட்டான். மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். அவனை மீட்கப் போவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். தோழர்கள் தூங்கும்போது எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டு "என் கேரக்டர் அப்படித்தான்" என்பது இதன் நேர் எதிர். அதை எந்த மேசையும் மன்னிக்காது.

வசீகரம் 7 என்பதை முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவலட்சணம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது "சாம்பார் முடிஞ்சிருச்சு" என்று மூன்று தடவை சொல்லியும் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சித்தப்பா இருப்பார். நல்ல மனிதர். காலையிலிருந்து நாற்காலி தூக்கியவரும் அவர்தான். அதையே இன்னொருவர் ஒரு தடவை சொன்னால் நாலு பேர் வாளியோடு ஓடுவார்கள். வசீகரம் குறைவு என்றால் அந்தச் சித்தப்பாதான்.

இதை ஆட ஒரு சின்னப் பழக்கம் வேண்டும்: பேசிவிட்டுப் பகடை போடாதீர்கள், பகடை போட்டுவிட்டுப் பேசுங்கள். "வேலன் ராணிகிட்ட குதிரை கேக்கப் போறான்" என்று சொல்லி உருட்டுங்கள். விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு, அதற்கேற்ற பேச்சைப் பேசுங்கள். முதலில் உருக்கமாகப் பேசிவிட்டுப் பிறகு 4 விழுந்தால் பேச்சும் வீண், மனமும் கசக்கும். 4 விழுந்தது முன்பே தெரிந்தால், தோல்வியை அழகாக ஆடலாம். ராணி கணவனை இழந்து நிற்கிறாள். வேலன், "உங்க வீட்டுக்காரர் குதிரை இப்ப சும்மாத்தானே நிக்குது" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, அவமதிக்கவும் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியம் அந்த அறையில் விழுந்திருக்கக் கூடாது. தோற்கும் விதத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு தடவை நேரம் தவறட்டும், ஒரு தடவை சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லட்டும், ஒரு தடவை சரியாகச் சொல்லியும் யாருக்கும் காதில் விழாமல் போகட்டும். இன்னொன்றும் தமிழில் நம் கையிலேயே இருக்கிறது: நீ, நீங்க. படைத்தலைவர் கற்றுக்கொடுத்தபடி வேலன் எல்லோரையும் ‘நீங்க’ என்றே கூப்பிடட்டும். ராணிக்கும் ‘நீங்க’, கட்டிப்போட்ட திருடனுக்கும் ‘நீங்க’. ஒரே குரல், ஒரே ஏற்ற இறக்கம். இரண்டு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பேசுவது வேலன் என்று தெரியும்.

மிரட்ட வேண்டி வந்தால் மட்டும் டி.எம்.மிடம் கேளுங்கள். குணத்தை மாற்றிப் பயன்படுத்த ஐந்தாம் பதிப்பில் ஒரு விருப்ப விதி இருக்கிறது. வசீகரத்துக்குப் பதில் பலத்தை வைத்து மிரட்டுவது அதிலேயே உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பலம் 17 என்றால் கூட்டல் 3. வேலன் கத்த வேண்டாம். மேசை விளிம்பைப் பிடித்து மெதுவாக உடைத்தால் போதும்.

பேச்சு நீளும்போது போனை எடுக்காதீர்கள். வேலன் எங்கே நிற்கிறான், கையில் என்ன செய்கிறான் என்று ஒரு வரி சொல்லுங்கள்: "கதவுப் பக்கம் நின்னு கேடயத்து வாரைத் தைக்கிறேன்." அது டி.எம்.முக்கு நீங்கள் நீட்டும் கை. அவர் அந்தக் கதவை எப்போதாவது தட்ட வைப்பார்.

கடைசியாக, 4-ஆம் நிலை. அப்போது ஒரு குணத்தில் 2 ஏற்றலாம், அல்லது இரண்டு குணங்களில் ஒவ்வொன்று ஏற்றலாம். அறிவைத் தொட வேண்டாம். பலத்தில் ஒன்று வைத்தால் 17 பதினெட்டாகி, கூட்டல் 4 ஆகும். விவேகத்தில் ஒன்று வைத்தால் 11 பன்னிரண்டாகி, அங்கேயும் கூட்டல் 1 கிடைக்கும். ஒற்றைப்படையில் நிற்கிற இந்த இரண்டு எண்ணும் ஒரே நேரத்தில் பலன் தரும். வாடை பிடிக்கவும் கதவோரம் நின்று கவனிக்கவும் வேலனுக்கு அந்த ஒன்று உதவும்.