பழைய முறை கிறிஸ்துமஸ் பழ கேக்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நவம்பர் கடைசிக்கு வந்துவிட்டோம், பழம் ஊறவைக்கிற நேரம் இது. கேள்வி கேளுங்கள் என்று சொன்னதும் குவிந்துவிட்டன, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். இங்கே பேசுவது ரம்மில் பழம் ஊறவைத்து, சர்க்கரையைக் கருக்கிச் சேர்த்து, குறைந்த சூட்டில் மூன்று மணிநேரம் வேகவிட்டு, அப்புறம் டப்பாவில் சில வாரம் வைத்துப் பதமாக்கிச் சாப்பிடுகிற கறுத்த கேக்கைப் பற்றி. அரை மணியில் ஆகிற ரெசிபி தேடி வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இருக்காது.

கேள்வி (தூத்துக்குடி): அக்கா, முதல் தடவையாகச் செய்யப் போகிறேன். எட்டு அங்குல வட்ட டின் இருக்கிறது. கிராம் கணக்கில் அளவு சொல்லுங்கள், கப் கணக்கு வேண்டாம்.

பதில்: நல்லது, இந்தக் கேக்கைக் கப்பில் அளக்கவே கூடாது. மைதா 225 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 225, நாட்டுச் சர்க்கரை 200, நம்மூர் அளவு முட்டை ஐந்து. பழம் மட்டும் மொத்தம் 800 கிராம். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் தயங்கி, பழத்தைப் பாதியாக்கி, மாவைக் கூட்டிவிடுகிறார்கள், பிறகு கேக் காய்ந்துபோகிறது என்று கேட்கிறார்கள். பழத்துக்கு இடையில் மாவு இருக்க வேண்டும், மாவுக்கு இடையில் பழம் தேடக் கூடாது.

நான் 800 கிராமைப் பிரிக்கிற கணக்கு: கறுப்பு உலர்திராட்சை 300, கிஸ்மிஸ் 150, பேரீச்சை 150, சர்க்கரையில் போட்ட செர்ரி 100, ஆரஞ்சுத் தோல் மிட்டாய் 60, இஞ்சி மிட்டாய் 40. முந்திரி 100 கிராம் தனி, அதை ஊறவைக்க வேண்டாம், நமத்துவிடும், வேகவைக்கிற அன்று நறுக்கிச் சேர்த்தால் போதும். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு எல்லாம் வறுத்துப் பொடித்தது இரண்டு தேக்கரண்டி, அதில் பட்டைதான் அதிகம், கிராம்பு மூன்று நான்கு போதும். கேரமலுக்கு, அதாவது கருக்கிய சர்க்கரைப் பாகுக்கு, 100 கிராம் வெள்ளைச் சர்க்கரை.

நாட்டுச் சர்க்கரையைக் கட்டாயம் சலிக்க வேண்டும். கட்டி இருந்தால் வெண்ணெயோடு நுரைக்காது.

கேள்வி (கோவை): பழத்தை ஊறவைத்த பாட்டிலில் போன வருடம் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. ரம் போட்டும் எப்படிக் கெடும்?

பதில்: தண்ணீர்தான் காரணமாக இருக்கும். திராட்சையைக் கழுவியிருப்பீர்கள், சரியாகக் காயவிட்டிருக்க மாட்டீர்கள். கழுவுவது அவசியம்தான், நம் கடைகளில் கிடைப்பதில் காம்பும் மண்ணும் இருக்கும். ஆனால் கழுவிய பிறகு துணியில் பரப்பி ஃபேனுக்குக் கீழே ஒரு நாள் முழுக்கக் காயவைக்க வேண்டும். இன்னொன்று, பழம் ரம்முக்கு மேலே தலைநீட்டிக்கொண்டு இருந்தால் அந்த இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். 800 கிராமுக்கு 200 மில்லி ஊற்றினால் முதல் நாள் எல்லாம் மூழ்காது, அதனால் தினமும் பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்குங்கள், நான்கைந்து நாளில் பழம் குடித்து மெத்தென்று ஆகிவிடும், பிறகு இரண்டு நாளுக்கு ஒரு தடவை போதும். மாதக்கணக்கில் வைக்கிறவர்கள் முழுக்க மூழ்கும்படி ஊற்ற வேண்டும். கண்ணாடி ஜாடி, காய்ந்த மர அகப்பை, இருட்டான அலமாரி.

பூத்ததை மேலோடு எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடாது, கொட்டிவிடுங்கள்.

கேள்வி (சென்னை, பெரம்பூர்): டிசம்பர் இருபதுக்கு மேல்தான் எனக்கு லீவு. ஊறவைக்க இரண்டு நாள்தான் கிடைக்கும். பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு. பழத்தை ஒரு கனமான பாத்திரத்தில் போட்டு, ஒரு ஆரஞ்சின் சாறும் தோல் துருவலும் சேர்த்து, சின்னத் தீயில் ஐந்து நிமிடம் சூடாக்கி, சாறு வற்றியதும் அடுப்பை முழுக்க அணைத்துவிட்டு ரம் ஊற்றி மூடி வையுங்கள். தீ எரியும்போது ரம் ஊற்றாதீர்கள், பற்றிக்கொள்ளும். மறுநாள் காலை பழம் நன்றாக உப்பியிருக்கும். வாரக்கணக்கில் ஊறியதன் ஆழம் வராது, ஆனாலும் கடை கேக்கைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி (நாசரேத்): எங்கள் வீட்டில் மதுபானம் எதுவும் வாங்க மாட்டோம். ஆனால் வேகும்போது எல்லாம் ஆவியாகிவிடும், தைரியமாகப் போடுங்கள் என்று ஒரு சிஸ்டர் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. பெரும்பகுதி போகும், மூன்று மணிநேரம் வெந்தாலும் கொஞ்சம் மிஞ்சும். வெந்த பிறகு மேலே ஊற்றினால் அது அப்படியே இருக்கும். விசுவாசத்துக்காகவோ, உடம்புக்காகவோ, மருந்துக்காகவோ வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு "ஒன்றுமே இருக்காது" என்று சொல்லிக் கொடுப்பது தப்பு, இதில் நான் கறாராக இருப்பேன். சபையில் பங்கிடுகிறீர்கள் என்றால் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

ரம் இல்லாமலும் நல்ல கேக் வரும். கறுப்புத் திராட்சைச் சாறும் ஆரஞ்சுச் சாறும் கலந்து பாதியாக வற்றவைத்து, கடைசியில் கொஞ்சம் கெட்டியான டீ டிக்காஷன் சேர்த்து அதில் பழத்தை ஊறவையுங்கள், அந்தத் துவர்ப்பு ரம்மின் இடத்தைக் கொஞ்சம் நிரப்பும். ஆனால் இதை வெளியில் வைக்கக் கூடாது, புளித்துவிடும். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான். கேக்கையும் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி (சேலம்): என் கேரமல் ஒரு தடவை வெளுத்துப்போய் இருக்கிறது, அடுத்த தடவை கசக்கிறது. நடுவில் எங்கே நிறுத்துவது?

பதில்: சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரோடு கனமான பாத்திரத்தில் மிதமான தீயில் வையுங்கள், கரண்டி போட்டுக் கிளற வேண்டாம், பாத்திரத்தை மட்டும் சாய்த்துச் சுழற்றுங்கள். தேன் நிறம் வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அது புட்டிங்குக்குத்தான் சரி. நமக்கு அதையும் தாண்டி, கருஞ்சிவப்பாகி, லேசாகப் புகை எழும்பத் தொடங்குகிற அந்தக் கணம் வேண்டும். எழும்பியதும் அடுப்பை அணைத்து, பக்கத்தில் தயாராக வைத்திருக்கிற கொதிநீர் 80 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பொங்கித் தெறிக்கும், கையை நீட்டி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் அடுப்படியில் வேண்டாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகத் தெறிக்கும். புகை நிறையப் போய்க் கறுப்பாகவே ஆகிவிட்டதா, 100 கிராம் சர்க்கரைதானே, மறுபடி செய்யுங்கள். அந்தக் கசப்பை எதைச் சேர்த்தும் மறைக்க முடியாது.

கேரமல் முழுக்க ஆறிய பிறகுதான் மாவில் சேர வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): இது வெள்ளைக்காரர்கள் கேக்தானே, இதில் நம்முடையது என்ன இருக்கிறது என்று என் பையன் கேட்கிறான்.

பதில்: பையனுக்குக் கேரளத்துத் தலச்சேரிக் கதையைச் சொல்லுங்கள். அங்கே மாம்பள்ளி பாபு என்பவர் 1880-இல் ராயல் பிஸ்கட் ஃபாக்டரி என்று ஒரு பேக்கரி திறந்தார். 1883-இல் அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்து முர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் கொண்டுவந்து, இதே மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டாராம். பிரெஞ்சு பிராந்தி போடச் சொன்னதற்கு, பாபு முந்திரிப் பழத்திலும் வாழைப்பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார், கேக் பிரவுனுக்குப் பிடித்துப்போனது என்று அந்தக் குடும்பத்தார் வழியாகச் சொல்லப்படுகிறது.

இங்கிலாந்திலும் இது தொடக்கத்திலிருந்தே கிறிஸ்துமஸ் கேக்காக இருக்கவில்லை. ஜனவரி 6-ஐ ஒட்டி வெட்டிய கேக் அது, விக்டோரியா ராணி காலத்தில்தான் மெல்ல டிசம்பர் 25-க்கு நகர்ந்தது. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் நம் ஆசியப் பக்கத்திலிருந்து அங்கே போனவை. முந்திரியும் கருகக் காய்ச்சிய கேரமலும் நம் ஊர்க் கைவேலை. நான் ஆண்டுதோறும் செய்வது நம்முடைய கேக்தான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கேள்வி (திருச்சி, பொன்மலை): பேக்கிங் பவுடர் எவ்வளவு? நீங்கள் அளவில் சொல்லவேயில்லை. என் பாட்டி போடவே மாட்டார்களாம்.

பதில்: பாட்டி செய்தது சரி. ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற ஆங்கிலேயர் 1843-இல்தான் பேக்கிங் பவுடரையே கண்டுபிடித்தார், அதற்கு முன்னால் பெரும்பாலும் ஈஸ்ட், இல்லாவிட்டால் முட்டையும் கைபலமும்தான். வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்துப் பஞ்சு போல ஆகும்வரை அடித்தால் அந்தக் காற்றே போதும். பழகாத கைக்கு அரைத் தேக்கரண்டி போடலாம், அதற்கு மேல் போட்டால் கேக் பொங்கி வெடித்து, பழம் அடியில் போய்த் தங்கிவிடும். நம் ஊர் வெயிலில் வெண்ணெய் சீக்கிரம் எண்ணெயாகிவிடுகிறது, அப்படி ஆனால் நுரைக்கவே நுரைக்காது, அதனால் விரலால் அழுத்தினால் பதிகிற பதத்தில் அடிக்கத் தொடங்குங்கள். முட்டை ஒவ்வொன்றாக. திரிந்த மாதிரித் தெரிந்தால் ஒரு கரண்டி மைதா சேர்த்தால் கூடிவந்துவிடும். பிறகு ஆறிய கேரமல், மைதாவும் பொடிகளும், கடைசியாகப் பழமும் முந்திரியும்.

பழம் அடியில் போகிறது என்று எழுதிய மற்றவர்களுக்கும் இதுதான் பதில், மாவு இளகலாக இருக்கிறது. கரண்டியில் எடுத்தால் தொப்பென்று விழ வேண்டும், வழியக் கூடாது. செர்ரியைக் கழுவித் துடைத்துவிட்டுப் போடுங்கள், அதன் மேல் இருக்கிற பாகுதான் அதை வழுக்கி இறக்குகிறது.

கேள்வி (மதுரை): ஓடிஜி-யில் (மேசை மேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) வைத்தால் மேலே கருகிவிடுகிறது, நடுவில் மாவாகவே இருக்கிறது மேடம்.

பதில்: சூடு அதிகம். 180 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பீர்கள். முதல் ஒரு மணிநேரம் 150, அப்புறம் 140, மொத்தம் மூன்று முதல் மூன்றரை மணிநேரம். டின்னின் உள்ளே அடியிலும் ஓரத்திலும் பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு, விளிம்புக்கு மேல் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். டின்னுக்கு வெளியே பழுப்புக் காகிதம் இரண்டு மூன்று சுற்று சுற்றி நூலால் கட்டுங்கள், கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் வைத்து, இரண்டு மணிநேரம் கழித்து மேலே ஃபாயிலால் தளர்வாக மூடுங்கள். ஓடிஜி-யின் திருகு காட்டுகிற எண்ணை நம்பாதீர்கள், உள்ளே வைக்கிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், வேறு எதற்குச் செலவழிப்பதையும்விட அது உபயோகம்.

வெந்ததா என்று குச்சி விட்டுப் பார்க்கும்போது பழத்தின் பாகு ஒட்டும், மாவு ஒட்டக் கூடாது. இன்னொரு பழைய வழி: டின்னை வெளியே எடுத்து, சூடு படாத தூரத்தில் காதைக் கொண்டுபோய்க் கேளுங்கள். உள்ளே சின்னச் சின்னதாகக் கொதிக்கிற சத்தம் வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்ப உள்ளே வையுங்கள். அடங்கியிருந்தால் ஆயிற்று.

கேள்வி (விருதுநகர்): ஓவன் இல்லை அண்ணி. குக்கரில் முடியுமா?

பதில்: முடியும், பாதி அளவில் ஆறு அங்குல டின்னில் செய். பழைய குக்கரை எடுத்துக்கொள், நல்லதை இதற்குப் பாழாக்காதே. அடியில் ஒரு அங்குலம் கல்லுப்பு அல்லது மணல், அதன் மேல் ஒரு ஸ்டாண்டு, கேஸ்கட்டும் வெயிட்டும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பத்து நிமிடம் சூடேற்றி, பிறகு இருப்பதிலேயே சின்னத் தீ. ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். மேல் பக்கம் வெளிறித்தான் இருக்கும், சுவையில் குறை இருக்காது.

கேள்வி (கொழும்பு): நாங்கள் ரவை போட்டுச் செய்கிற ரிச் கேக்குக்கும் இதே முறைதானா?

பதில்: அது வேறு குடும்பம், அதுவும் எனக்கு மிகப் பிடித்தது. அதில் மைதாவின் இடத்தில் ரவை, அதை லேசாக வறுத்துச் சூட்டோடு வெண்ணெயில் கலந்து ஊறவைக்க வேண்டும். பூசணி தோசி (சர்க்கரைப் பாகில் போட்ட பூசணி), சௌசௌ பாகு, இஞ்சிப் பாகு, நிறைய கஜு (முந்திரி), பன்னீர் (ரோஜா நீர்), தேன், பிராந்தி, மஞ்சள் கரு அதிகம். கேரமல் கிடையாது. அடிக்கிற முறையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேளுங்கள், குறைந்த சூடு, காகிதச் சுற்று, டப்பாவில் காத்திருப்பு ஆகிய மூன்றை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (ஓசூர்): முட்டை இல்லாமல்?

பதில்: இந்தக் கேக் வராது. கண்டென்ஸ்டு மில்க்கில் செய்வது நன்றாக இருக்கும், ஆனால் அது வேறு கேக்.

கேள்வி (வேலூர்): டூட்டி ஃப்ரூட்டி நிறையப் போட்டால் கலராக இருக்கும், போடட்டுமா?

பதில்: சாயம் போட்ட பப்பாளிக்காய் அது, இனிப்பைத் தவிர ஒன்றும் தராது. ஒரு கைப்பிடி, குழந்தைகளுக்காக. அந்தக் காசுக்குப் பேரீச்சை வாங்குங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): செய்த அன்றே வெட்டினால் உதிர்கிறது. எத்தனை நாள் வைக்கலாம், கெட்டுப்போகாதா?

பதில்: வெட்டாதீர்கள்! குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் மூன்று நான்கு வாரம். டின்னிலேயே முழுக்க ஆறவிட்டு, பட்டர் பேப்பர், மேலே ஃபாயில், காற்றுப் புகாத டப்பா. வாரம் ஒரு தடவை மெல்லிய குச்சியால் குத்தி இரண்டு மேசைக்கரண்டி ரம். அதற்கு மேல் ஊற்றினால் கேக் சொதசொதவென்று ஆகும். பழத்தின் ஈரம் மாவுக்குப் பரவி, பொடிகளின் காரம் அடங்கி, துண்டு போட்டால் உதிராத பதம் அந்தக் காத்திருப்பில்தான் வருகிறது. சர்க்கரையும் ரம்மும் ஈரத்தைக் கட்டிப்போடுவதால் கிருமி வளர இடமில்லை, ஆனால் கடலோர ஊர்களில் டப்பாவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

2017-இல் அண்டார்டிகாவில் கேப் அடேர் குடிசையில் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் கம்பெனியின் பழ கேக் ஒன்று தகர டப்பாவில் கிடைத்தது, தென் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் 1910–13 பயணக் குழு கொண்டுபோனதாகக் கருதப்படுகிறது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் கேக் உருக்குலையவில்லை, சாப்பிடலாம் போல மணத்தது என்று எடுத்தவர்கள் சொன்னார்கள். அங்கே இருந்த குளிருக்கும் அதில் பங்கு உண்டு. நம் வீட்டில் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், கூரியரில் அனுப்பலாமா? மேலே ஐசிங் வைத்து அனுப்ப ஆசை.

பதில்: ஐசிங் வேண்டாம் அக்கா, வழியில் நொறுங்கிவிடும். வேண்டுமென்றால் முந்திரி மார்சிபான் (முந்திரிப் பொடியும் சர்க்கரையும் பிசைந்த மேல்பூச்சு) மட்டும், ஆரஞ்சு ஜாமை மெல்லியதாகத் தடவி அதன் மேல் ஒட்டி, ஒரு நாள் உலரவிட்டு அனுப்புங்கள். வெட்டாமல் முழுசாக, செய்து ஒரு வாரம் ஆன பிறகு, டப்பாவுக்குள் ஆடாதபடி சுற்றிலும் காகிதம் திணித்து. பண்டிகை வாரத்தில் பார்சல்கள் தேங்கும், அதனால் பதினைந்தாம் தேதிக்குள் போட்டுவிடுங்கள், வந்ததும் பிரிக்காமல் வைக்கச் சொல்லி அவனுக்கு ஒரு போன்.