பாம்புக்கு ஊட்டும் பெண் எஸ்குலேப்பியஸ் இல்லை

ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் தங்கக் காசு என்று ஒன்றை வாங்கி, பின்பக்கத்தில் இருப்பது எஸ்குலேப்பியஸ் என்று விற்றவர் சொன்னதாகப் படம் போட்டுக் கேட்டிருந்தீர்கள். அதில் இருப்பவள் சாலுஸ், ரோமர்களின் உடல்நல தேவி. எஸ்குலேப்பியஸ் அவர்களின் மருத்துவக் கடவுள்; தாடிக்கார ஆண், பாம்பு சுற்றிய தடியோடு நிற்பார். நீங்கள் போட்ட படத்தில் பலிபீடத்தைச் சுற்றிய பாம்புக்கு ஒரு பெண்ணல்லவா ஊட்டுகிறாள்!

பாம்பைக் கண்டதும் விற்றவர் மருத்துவக் கடவுள் என்று எழுதிவிட்டார் போல. காசில் பொறித்த "சால்வ்டி" (SALVTI) என்ற லத்தீன் சொல் புரியவில்லை என்றீர்களே, அந்த 'வி'யை (V) 'யு'வாக (U) படியுங்கள். சாலுட்டி, அதாவது 'சாலுஸுக்கு'.

நகைக்கடைத் தராசில் எடை பாருங்கள். அக்காலத் தங்கக் காசு சுமார் 7.2 கிராம். 3 கிராமை ஒட்டி வந்தால், தங்க முலாம் பூசிய தெனாரியஸாக (அக்கால ரோம வெள்ளிக் காசு) இருக்கலாம். சாலுஸ் வெள்ளிக் காசிலும் வந்தவள்தான். விளிம்பையும் லென்ஸில் பாருங்கள், சுற்றிலும் மெல்லிய கோடு ஓடினால் உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த போலியாக இருக்கலாம்.

எடை சரியாக வந்தாலும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள், நல்ல போலிகள் எடையிலும் பொருந்தும். பழங்காசு பற்றித் தெரிந்தவரிடம் காசை நேரில் காட்டுங்கள். அதுவரை புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்.