பழைய பி.எம்.டபிள்யூ 520டி வாங்கலாமா? ஐந்து வருடம் ஓட்டியவனின் பதில்

கேட்டவர் சொன்னது இது: 2013 மாடல் பி.எம்.டபிள்யூ 520டி டீசல் கார், 95,000 கிலோமீட்டர் ஓடியது, 10 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து அலுவலகம் 5 கிலோமீட்டர். வாங்கினால் சமாளிக்க முடியுமா என்கிறார்.

என்னிடம் இருப்பதும் அதே மாடல், அதே வருடம். 2020-இல் 68,000 கிலோமீட்டரில் வாங்கினேன். இப்போது 1,20,000 தாண்டிவிட்டது. உங்கள் கேள்வியில் 10 லட்சத்தைவிட என் கண்ணில் பட்டது அந்த 5 கிலோமீட்டர்தான்.

எனக்குத் தஞ்சாவூரில் கடை. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். முதல் ஒன்றரை வருடம் தினமும் இந்தக் காரில்தான் கடைக்குப் போய்வந்தேன். ஒரு நாள் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் என்று எச்சரிக்கை வந்தது. இரண்டு நாளில் வண்டி இழுவை குறைந்து, மேம்பாலம் ஏறவே திணறியது. புகைக்குழாயில் இருக்கும் இந்த ஃபில்டர் கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு, ஃபில்டரை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, அந்தக் கரியை எரித்து வாயுவாக்கி வெளியேற்றும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, ஒரே சீராக இருபது இருபத்தைந்து நிமிடமாவது ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டரில் எஞ்சின் சூடாவதற்குள் கடை வந்துவிடும்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில், "ஃபில்டரை வெட்டி எடுத்துட்டு சாஃப்ட்வேரை மாத்திடலாம் சார், அப்புறம் தொல்லையே இருக்காது" என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. நம் வண்டிக்குப் பின்னால் டூவீலரில் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வருபவர் மூச்சில்தான் அந்தக் கரி போகும். திருச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன அடாப்டரைச் செருகி, எஞ்சின் சூட்டைக் காட்டும் போனோடு பக்கத்தில் உட்கார்ந்து, "திண்டுக்கல் ரோட்டுல பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கண்ணே" என்றார். ஓட்டினோம். "பாருங்கண்ணே, எஞ்சின் 72 டிகிரிக்கு மேல ஏறவே மாட்டேங்குது. கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு, அதான் தெர்மோஸ்டாட், 88 வரைக்கும் மூடியே இருக்கணும்; அது திறந்தே கிடக்கு. இப்படி இருந்தா கரியை எரிக்கிற வேலையை எஞ்சின் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது."

தெர்மோஸ்டாட் மாற்ற ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. கம்ப்யூட்டர் வழியாக எரிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டு, அதே ரோட்டில் நாற்பது நிமிடம் ஓட்டினோம். வெட்டத் தேவையே இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து கடைக்கு ஸ்கூட்டர்தான். வாரம் ஒரு முறை, ஞாயிறு விடிகாலையில், தஞ்சாவூரிலிருந்து துவாக்குடி தாண்டித் திருச்சி வரை நாலுவழிச் சாலையில் போய் டீ குடித்துவிட்டு வருகிறேன். அந்த எச்சரிக்கை மறுபடி வரவில்லை.

தினம் 5 கிலோமீட்டர் மட்டும்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இந்த டீசல் வண்டி உங்களுக்கு வேண்டாம். சொகுசு கார்தான் வேண்டும் என்றால் பெட்ரோலில் தேடுங்கள். மாதம் இரண்டு நெடும்பயணம் உண்டு என்றால் மேலே படியுங்கள்.

இந்த வண்டியில் எல்லோரும் பயப்படுவது டைமிங் செயினுக்கு; எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி அது. என்47 என்ற இந்த எஞ்சினில் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும்; கூலியே பெரும் தொகை. பழைய ஆயிலில் ஓடினால் செயின் சீக்கிரம் தேயும்; முந்தைய ஓனர் ஆயில் மாற்றாமல் எத்தனை நாள் இழுத்தடித்தார் என்பது இங்கேதான் முக்கியம். திரையில் அடுத்த ஆயில் சர்வீஸுக்கு இன்னும் நிறைய கிலோமீட்டர் இருப்பதாகக் காட்டும். நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுகிறேன். ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். சாம்பல் குறைவாக விடும் ஆயிலுக்கு பி.எம்.டபிள்யூ வைத்திருக்கும் எல்எல்-04 தரம் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். சாதாரண டீசல் ஆயில் ஊற்றினால் அது எரிந்து வரும் சாம்பலும் புகைக்குழாய் ஃபில்டரில்தான் போய்ச் சேரும்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் கம்பெனியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். இதற்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நான் அதைச் செய்த கம்பெனி சொன்னதையே கேட்டேன். அடியில் இருக்கும் தொட்டி பிளாஸ்டிக். கியர் ஆயில் ஃபில்டர் அதற்குள்ளேயே சேர்ந்து வருவதால் தொட்டியோடு மாற்ற வேண்டும். மெக்கானிக் அதைக் கழற்றி வைத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆயில் காய்ச்சிய வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. தொட்டிக்குள் இருந்த காந்தங்களில் சாம்பல் நிறத்தில் மை போல உலோகத்தூள் அப்பியிருந்தது. பழைய துணியில் துடைத்தபோது விரல் ரேகை முழுக்கப் பளபளத்தது. புது ஆயிலை எஞ்சின் ஓடும்போதே ஊற்றி, அது 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது அளவு சரிபார்க்க வேண்டும். போனில் டிகிரியைப் பார்த்துக்கொண்டே செய்தார். மொத்தம் நாற்பதாயிரம் ஆனது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது இருந்த சின்ன உதறல் போய்விட்டது.

பேட்டரியில் ஒரு முறை நஷ்டப்பட்டேன். டிக்கியில் இருக்கும் பேட்டரி ஏஜிஎம் வகை, அதாவது அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் தேக்கி வைப்பது. பக்கத்துக் கடையில் விலை குறைவென்று சாதாரண பேட்டரி போட்டார்கள். புதுப் பேட்டரி மாட்டியதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் பழைய, களைத்துப்போன பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். அது அந்தக் கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எட்டே மாதத்தில் பேட்டரி போயிற்று.

டயர் விஷயத்தில் என் முடிவு தெளிவு. கூட வந்தது ரன்ஃபிளாட். பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்ச தூரம் போகலாம் என்பது நல்லதுதான். ஆனால் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் நம் ஊர் ரோட்டில் முதுகுக்கு வலி, விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே 225/55 ஆர்17 அளவில் சாதாரண டியூப்லெஸ் போட்டு, டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் வைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆனது. சென்னைக்குப் பரிசோதனைக்குப் போகும்போது பின்சீட்டில் உளுந்தூர்பேட்டை வரை கண்ணைத் திறக்காமல் தூங்கிக்கொண்டு வருவார். இந்தக் காரை நான் இன்னும் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். பல வண்டியில் அவரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டேன்.

நம்ம ஊரில் செய்த வண்டிதானே, பாகம் மலிவாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில் 2007-இலிருந்து தொழிற்சாலை நடக்கிறது என்பது உண்மை. ஆனால் வண்டி பாதி விலைக்கும் கீழே இறங்கிவிட்டாலும் பாகத்தின் விலை இறங்குவதில்லை. ஹெட்லைட் ஒன்றின் விலை கேட்டால் தூக்கம் வராது. சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், ஃபில்டருக்கு மான் போன்ற பாகம் செய்யும் கம்பெனிகளின் பெயரிலேயே வாங்கினால் செலவு நன்றாகக் குறையும். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம் தனியாக எடுத்து வைக்கிறேன். சில வருடம் பாதிகூடச் செலவாகாது, கியர் ஆயில், டயர் வரும் வருடம் போதாது. இன்சூரன்ஸில் இந்த வயது வண்டிக்கு பம்பர் டு பம்பர், அதாவது தேய்மானம் கழிக்காமல் பாகத்துக்கு முழுத் தொகை தரும் பாலிசி, கிடைப்பது கடினம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் தருவார்கள்.

டெல்லி வண்டியா என்றும் பாருங்கள். அங்கே டீசலுக்குப் பத்து வருடக் கெடு வைத்ததால் நிறைய வண்டி மலிவாகத் தெற்கே வந்தது. அங்கத்திய ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்; இங்கே கட்டும் வாழ்நாள் வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் பார்த்தது 2013 வண்டி என்பதால் 2028-இல் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டியிருக்கும்.

பார்க்கப் போகும்போது முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குளிர்ந்திருந்தால் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் எஞ்சினின் பின்பக்கம், கண்ணாடியை ஒட்டிக் காதை வைத்து நில்லுங்கள். ஆக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்தி, எஞ்சின் சுற்றை 2,000 ஆர்பிஎம் வரை ஏற்றச் சொல்லுங்கள். தகரத்தில் சங்கிலி உரசுவது போலச் சத்தம் கேட்டால், அவர் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.