பஞ்சாமிர்தத்தை ஏன் ஆள் மூலம் கொடுத்தனுப்பினீர்கள்?

கேள்வி: காரைக்குடியில் வசிக்கிறேன். வயது 52. நான் 22 ஆண்டுகள் கணக்கராக வேலை பார்த்த நூற்பாலை கடந்த ஆடி மாதம் மூடப்பட்டது. வேறு வேலை அமையவில்லை. மனைவியின் தையல் வருமானத்தில்தான் வீடு ஓடுகிறது. அதுவரை பெரிய பக்தி இல்லாத நான், இந்தத் தைப்பூசத்துக்கு முதல்முறையாக மாலை போட்டுப் பழனிக்கு வெறுங்காலோடு நடந்தேன். சிங்கம்புணரி அருகே அறிமுகமான ஒருவர் கடைசி வரை கூடவே நடந்தார். கூடப் பிறந்தவரைப் போல ஆகிவிட்டார். வேலை போன வேதனையை அவரிடம்தான் முதன்முதலாக மனம்விட்டுச் சொன்னேன். மலையேறியபோது அழுதுவிட்டேன். பேருந்தில் ஊர் திரும்பி, சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போய்ப் பிரசாதம் கொடுத்தேன். நாலு தெரு தள்ளித் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். ஆனால் நடந்தபோது கிடைத்த நிம்மதி வீட்டில் நிலைக்கவில்லை. மாதந்தோறும் கிருத்திகைக்கு அந்த நண்பரோடு திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடக்க விரும்புகிறேன். மனைவி தடுக்கிறாள். நான் நினைப்பது தவறா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மாசி பிறந்தால் இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு வரத் தொடங்கிவிடும். பழனிக்கு நடந்தவர்கள் எழுதுவார்கள், வேளாங்கண்ணிக்கு நடந்தவர்கள் ஆவணி முடிந்து எழுதுவார்கள். ஊரும் தெய்வமும் மாறுமே தவிர, வழியில் கிடைத்தது வீட்டில் நிற்கவில்லை என்ற குறை மாறுவதில்லை. எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று உங்களுக்கு நான் எழுதப் போவதில்லை. நண்பரையும் மலையையும் பற்றி விரிவாக எழுதிய நீங்கள், பஞ்சாமிர்தத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு அதைக் கடக்க முடியவில்லை.

குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று 150 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடந்த மனிதருக்கு, பெற்றவளின் கையில் ஒரு டப்பாவைக் கொடுப்பதற்கு நாலு தெரு நடக்க முடியாமல் போனது எப்படி? காலில் கொப்புளம் என்று சொல்லாதீர்கள். மற்றச் சொந்தக்காரர்களின் வீட்டுப் படியேறியபோதும் அதே கால்தானே? பிரசாதம் கெட்டுவிடும் என்ற அவசரமும் இல்லை. மலைவாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரையும் நெய்யும் தேனும் சேர்த்துப் பிசைந்த அந்தப் பஞ்சாமிர்தம் பல நாள் இருக்கும் என்பது பழனிக்குப் போகாதவர்களுக்குக்கூடத் தெரியும். கால் வலி தீர்ந்த பிறகு, ஒரு வாரம் கழித்துக்கூட நீங்களே கொண்டுபோயிருக்கலாம்.

தம்பியோடு சண்டை என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள், உடன்பிறந்தாரோடு சண்டையிட்டவர்கள் எனக்கு நாலு பக்கத்துக்குக் குறைவாக எழுதியதே இல்லை. ஆகவே இதை வெட்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆடியில் வேலை போயிருக்கிறது. தையில் வழியில் கண்ட ஒருவரிடம் முதன்முதலாக மனம்விட்டுச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இடைப்பட்ட ஆறு மாதங்களும் நாலு தெரு தள்ளி இருக்கும் அம்மாவிடமும் தம்பியிடமும் அதைப் பேசவில்லை. ஊருக்குள் அவர்களுக்குச் செய்தி தெரியாமல் இருக்காது. நீங்கள் வந்து சொல்லவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். மூத்த மகன் வெறுங்கையோடு தாயின் முன் நிற்பதா என்ற கூச்சத்தில் ஆள் மூலம் கொடுத்தனுப்பினீர்கள். டப்பாவைத் திறந்தபோது அந்தத் தாய் என்ன நினைத்திருப்பார் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா?

பாதயாத்திரையில் கிடைக்கும் நட்பை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். பெயர்கூடக் கேட்காமல் ஒருவர் சுக்குக் காபி நீட்டுவதும், இரவில் பந்தலில் படுத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் உங்கள் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்த்துவிடுவதும் உண்மையானவை. ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே நிற வேட்டி, அன்னதானத்தில் ஒரே வரிசை. யாரும் யாருடைய சம்பளத்தையும் விசாரிப்பதில்லை. நீங்கள் சம்பாதித்த காலத்தில் அந்த நண்பருக்கு உங்களைத் தெரியாது. அதனால்தான் சம்பாதிக்காத உங்களைப் பார்த்து அவர் முகம் மாறவில்லை. அவரிடம் மனம்விட்டுப் பேசுவதற்குத் துணிச்சல் தேவைப்படவில்லை. தம்பியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எனக்கு வேலை போய்விட்டது, அம்மாவின் மருந்துச் செலவில் என் பங்கை இப்போது தர முடியவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் இரவில் பக்கத்தில் இருப்பதும் என் பொறுப்பு என்று சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். அப்படியொரு சட்டம் தேவைப்பட்டதே நமக்குத் தலைகுனிவு என்பது என் கருத்து. அந்தச் சட்டம் பணத்தைத்தான் வாங்கித் தர முடியும், மகன் நேரில் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அதனால் ஆணையிட முடியாது. உங்கள் அம்மாவுக்கு இப்போது வேண்டியது அந்த இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன். அதற்குச் சம்பளம் தேவையில்லை, வேலையில்லாத உங்களிடம் நேரமும் இருக்கிறது.

பழனி ஆண்டவரே வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு வந்தவர்தானே என்று நீங்கள் என்னிடம் வாதாடக்கூடும். அவர் பிள்ளை, கனி கிடைக்காத ஏமாற்றத்தில் மலையேறி நின்றார், அவரைச் சமாதானப்படுத்த அம்மையும் அப்பனும் அந்த மலைக்கே வந்தார்கள். உங்களுக்கு வயது 52. உங்கள் அம்மா உங்களைத் தேடி வருவார் என்று காத்திருக்கும் வயதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

நகரத்தார் காவடிகள் மலையில் செலுத்திய பின்னும் நடந்தே ஊர் திரும்புவதைக் காரைக்குடிக்காரரான நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. போவதைப் போலவே திரும்பி வருவதும் அவர்களுக்கு யாத்திரைதான். நீங்கள் பேருந்தில் திரும்பியதில் குற்றமில்லை. ஆனால் உங்கள் யாத்திரை நாலு தெருவை மிச்சம் வைத்து நின்றுவிட்டது. வீட்டில் நிம்மதி தங்காததற்கு நான் வேறு காரணம் தேட மாட்டேன்.

கிருத்திகை நடையைப் பொறுத்தவரை உங்கள் மனைவி சொல்வதே சரி. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போகவர மூன்று நாளாகும். தையல் இயந்திரத்தை மிதித்து வீட்டைக் காப்பாற்றும் பெண்ணிடம் மாதந்தோறும் மூன்று நாளைக் கேட்பதற்கு முன், ஆலையிலிருந்து வர வேண்டிய பணிக்கொடை கைக்கு வந்ததா என்று அவருக்குச் சொல்லுங்கள். நிறைவு செய்த ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. கணக்கரான உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நண்பரை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த முறை அவர் தொலைபேசியில் அழைக்கும்போது, வேலை போனதைச் சொன்னதைப் போலவே பஞ்சாமிர்தத்தைக் கொடுத்தனுப்பியதையும் சொல்லுங்கள். நல்லவராக இருந்தால் என்னைவிடக் கடுமையாகத் திட்டுவார். திட்டாமல், பரவாயில்லை, கிருத்திகைக்கு வாருங்கள் என்று அழைத்தால், அவரோடு நடப்பதைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை மாலை, கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் தம்பி வீட்டுக்குப் போங்கள். மனைவியையும் அழைத்துப்போங்கள். போய் வந்த பிறகு வேறு சந்தேகம் இருந்தால் எழுதுங்கள். போகாமல் கிருத்திகையைப் பற்றி மீண்டும் எழுதினால் பதில் வராது.