அடுத்தவர் பொட்டலமும் உங்கள் தோள் பையும்

தம்பி, மேல்படிப்புக்காக முதல் தடவை வெளிநாடு போகிறீர்கள். தலா 23 கிலோவில் இரண்டு பெட்டி. எத்தனை சட்டை, என்ன போர்வை, எந்தப் பாத்திரம் என்று விரிவாகக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: தெரிந்த பெரியவர் அங்கே இருக்கும் தன் மகனுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிடுகிறார், வாங்கிக்கொள்ளலாமா? எனக்கு அந்த வரிதான் கண்ணில் நிற்கிறது.

வாங்காதீர்கள். அதுவும் ஒட்டி மூடிய பொட்டலம் என்றால் தொடவே தொடாதீர்கள். "பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா?" என்று செக்-இன் கவுண்டரில் கேட்பார்கள். பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது. உங்கள் பெட்டியில் எது இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கொடுக்கிறவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். மகனுக்கு இருமல் என்று கோடீன் கலந்த மருந்தை வைத்திருப்பார், முதுகுவலி என்று டிரமடால் மாத்திரையை வைத்திருப்பார். இவற்றைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வைத்திருக்கும் நாடுகள் உண்டு. விதை, செடி என்றால் அறிவிக்காமல் கொண்டுபோனதற்கே அபராதம் போடுவார்கள். படிக்கப் போகிற பிள்ளைக்கு விமான நிலையத்திலேயே விசா பறிபோனால் அந்தப் பெரியவரால் என்ன செய்ய முடியும்? உறவு கெட்டுவிடும் என்று உங்கள் வீட்டில் சொன்னாலும் அசையாதீர்கள்.

இதில் எனக்கு நம் ஆட்கள் மேல்தான் கோபம். வெளிநாடு வந்து வேரூன்றி, வீடு வாசல் என்று ஆன பிறகும், புதிதாக யார் கிளம்பினாலும் அவர் பெட்டியில் பாதி தங்களுக்கு உரியது என்று நினைக்கிறார்கள். தபால் செலவை மிச்சம் பிடிக்க, முதல் தடவை விமானம் ஏறுகிற பிள்ளையின் கிலோக்களைப் பிடுங்குகிறார்கள். "இங்கே ஒன்றும் கிடைக்காது, எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வா" என்று பயமுறுத்துவதும் இவர்கள்தான். மனிதர்கள் வாழ்கிற ஊரில் துண்டும் தட்டும் கிடைக்காமலா போகும்?

நான் வந்தபோது நடுவில் விமானம் மாறியதில் என் பெட்டி வந்து சேரவில்லை. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு குழந்தை வண்டி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அப்புறம் பெல்ட்டையே நிறுத்திவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண்மணி விதவிதமான பெட்டிகளின் படம் போட்ட அட்டையை நீட்டி, "உங்களுடையது இதில் எது?" என்றார். லக்கேஜ் டேக்கின் துண்டுச் சீட்டு போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்ததால் எண்ணைச் சொல்ல முடிந்தது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். புகாரை எழுதிக்கொடுத்து, அதன் எண்ணை வாங்காமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கென்று 1999-இல் வந்த மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி உடைந்து வந்தால் கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால் 21 நாள். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாளாகியும் வரவே இல்லை என்றால் தொலைந்ததாகக் கணக்கு வைத்து இழப்பீடு கேட்கலாம்.

ஆனால் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், மாத்திரை எல்லாம் என் தோள் பையில் இருந்தன. மறுநாள் காலை பல்கலைக்கழகத்தில் பதிவு. முந்தைய நாள் போட்ட சட்டையோடு போய்ப் பதிந்துவிட்டு வந்தேன். பக்கத்து அறைப் பையனுக்கும் எனக்கும் பொதுவான மொழிகூட ஒழுங்காகக் கிடையாது. விஷயத்தைக் கையாலேயே காட்டிச் சொன்னதும், தன் துண்டையும் ஒரு போர்வையையும் எடுத்து நீட்டினான். துணி துவைக்கிற இயந்திரத்துக்கு எந்தக் காசு போட வேண்டும், பழைய கோட்டு எங்கே விற்பார்கள், எந்தப் பேருந்து எங்கே போகும் என்று அத்தனையும் அவனோடு சுற்றித்தான் கற்றேன். கூட வந்தவர்கள் மூட்டையைப் பிரித்து முடிப்பதற்குள் எனக்கு ஊர் பிடிபட்டுவிட்டது. இன்றைக்கும் அவனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, தோள் பைக்கு வருவோம். அசல் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், அவற்றின் நகல் ஒரு செட், தங்கப்போகிற இடத்தின் முகவரி தாளில் எழுதியது (போன் சார்ஜ் இறங்கும் நேரம் பார்த்துத்தான் முகவரி கேட்பார்கள்), ஒரு மாற்று உடை. மாத்திரைகளைப் பிரிக்காமல் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு வையுங்கள். கிளம்பும் முன் அந்த மருந்துக்கு அங்கே அனுமதி உண்டா என்று பார்த்துவிடுங்கள். பவர் பேங்க் பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் (Wh) இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. அதற்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

சட்டை, போர்வை, பாத்திரம் எல்லாம் உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. குளிர் கோட்டை மட்டும் அங்கே போய் வாங்குங்கள், அந்த ஊர்க் குளிருக்கு ஏற்றது அங்கேதான் கிடைக்கும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எடையை 22 கிலோவிலேயே நிறுத்திவிடுங்கள். வீட்டுத் தராசு சொல்வதை விமான நிலையத் தராசு எப்போதும் ஒப்புக்கொள்வதில்லை.