210 கடிதம் போட்டோம், 9 பேர்தான் கொடுத்தார்கள்

கேள்வி: அக்கா, பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் 42 பேருக்கு மாலையில் இலவச டியூஷன் நடத்துகிறோம். நன்கொடை கேட்டு 210 பேருக்குக் கடிதம் அனுப்பினோம். 9 பேர்தான் கொடுத்தார்கள், மொத்தம் 640 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு? பிள்ளைகளை உண்டியலோடு கடைத்தெருவுக்கு அனுப்பலாம் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா?
– செயலாளர், பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பத்தி முழுக்க சங்கம் பதிவான வரலாறு. இரண்டாவதில் தலைவர், ஆலோசகர், புரவலர் பெயர்கள், டத்தோ பட்டங்களோடு. பிள்ளைகள் தலைகாட்டுவதே மூன்றாவது பத்தியில்தான். அங்கேயும் “யு.பி.எஸ்.ஆர். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற” என்று இருக்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வைத்த அந்த அரசுத் தேர்வை 2021-லேயே ரத்து செய்துவிட்டார்களே! பழைய கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறீர்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

நான் சிரிக்கவில்லை. இதே வேலையைச் செய்து மாட்டிக்கொண்டவள்தான் நானும். பினாங்கில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு வசூல் செய்த காலத்தில், ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம் கடிதத்தை நீட்டினேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, போன வருடம் நான் கொடுத்த கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வருடத்தைத் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்று. “500 வெள்ளி கொடுத்தேனேம்மா, அதில் என்ன செய்தீங்க?” என்றார். மோர் கொடுத்தோம், பானகம் கொடுத்தோம் என்று தடுமாறினேன். “இதை அப்பவே ரெண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாமே.” அந்த வருடம் 100 வெள்ளியோடு படி இறங்கினேன்.

கல்யாண வீட்டு மொய்யை நோட்டில் எழுதி, இருபது வருடம் கழித்தும் புரட்டிப் பார்க்கிற ஆட்கள் நாம். சங்கத்துக்கு வந்த பணத்துக்கு மட்டும் ரசீதைக் கிழித்துக் கொடுத்ததோடு மறந்துவிடுகிறோம்.

அதனால் அந்த 210 பேர் பட்டியலை எடுங்கள். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் ஒரு முறையாவது கொடுத்தவர்களைத் தனியாகப் பிரியுங்கள். முப்பது, நாற்பது பேர் தேறலாம். உங்கள் உழைப்பில் முக்கால்வாசி இவர்களுக்குத்தான் போக வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் முதல் 50 வெள்ளி வாங்குவதுதான் கடினம். முதலில் இவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம். அதில் பணம் கேட்கவே கூடாது, மறைமுகமாகக்கூட. ஒரு மாதம் போகட்டும். அப்புறம் வேண்டுகோள், இந்த மாதிரி:

“போன மார்ச்சில் நீங்கள் தந்த 100 வெள்ளியில் ஐந்து பிள்ளைகளுக்குக் கணிதப் பயிற்சி நூல் வாங்கினோம். அவர்களில் ஒருவன் ஏழாம் வாய்ப்பாட்டோடு நின்றுபோயிருந்தான். இப்போது பன்னிரண்டு வரை ஒப்பிக்கிறான். ஆனால் மாக் மண்டினிலிருந்து அவன் வந்துபோகும் வேனுக்கு மாதம் 40 வெள்ளி ஆகிறது. அப்பாவுக்கு வேலை போனதிலிருந்து வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறான். அடுத்த ஐந்து மாத வேன் செலவு 200 வெள்ளியை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா?”

நான் மாதிரிக்கு எழுதிய இந்தப் பையன் கதையை அப்படியே நகல் எடுக்காதீர்கள், உங்கள் வகுப்பில் உண்மையில் நடப்பதை எழுதுங்கள். ஒரு பிள்ளை, ஒரு தொகை, ஒரு கேள்வி. நீங்கள் எழுதியிருக்கும் “தங்களால் இயன்ற பொருளுதவி” என்பதைப் படித்தவர், அப்புறம் பார்க்கலாம் என்று ஓரமாக வைத்துவிடுவார். 200 என்று கண்ணில் பட்டால், முடியாதவர்கூட ஒரு மாதத்துக்காவது 40 கொடுப்போமே என்று யோசிப்பார். பிள்ளையின் பெயரும் படமும் வேண்டாம். நாளை அவன் அதே தெருவில் நடக்க வேண்டியவன். கண்ணீரும் கம்பலையுமாக எழுதவும் வேண்டாம்.

“அன்புடையீர்” என்று அச்சடித்த இடத்தில் அவரவர் பெயரைப் பேனாவால் எழுதுங்கள். நாற்பது பேருக்கு ஒரு சாயங்கால வேலை, அவ்வளவுதான். நிறைய பேர் கடிதத்தைப் பிரித்ததும் தங்கள் பெயரைப் பார்ப்பார்கள், அடுத்து நேராக அடியில் யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள். அதனால் கையெழுத்துக்குக் கீழே பின்குறிப்பாக, தொகையையும் தேவைப்படும் தேதியையும் இன்னொரு முறை சொல்லுங்கள். சீன முதலாளிகளுக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ தனிக் கடிதம்.

இனி என்னைக் கொஞ்சம் பயமுறுத்திய விஷயம். “நன்கொடைக்கு வருமான வரி விலக்கு உண்டு” என்று எழுதியிருக்கிறீர்கள். நகலில் ஆர்.ஓ.எஸ். என்ற சங்கப் பதிவிலாகாவின் பதிவு எண் மட்டும்தான் இருக்கிறது. சங்கத்தைப் பதிந்திருப்பது வேறு, 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெறுவது வேறு. அந்த அங்கீகாரம் இருந்தால்தான் கொடுத்த தனிநபர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ள முடியும். உங்களிடம் அது இல்லையென்றால் உங்கள் ரசீதை நம்பிக் கணக்குக் காட்டியவர்தான் வரி வாரியத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். இருந்தால் தைரியமாகப் போடுங்கள். அந்த ஆண்டுக் கணக்கில் சேர டிசம்பர் 31-க்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

கீழே கொடுத்திருக்கும் வங்கிக் கணக்கு பொருளாளரின் சொந்தப் பெயரில் இருக்கிறதே, ஏன்? அவர் தங்கமான மனிதராக இருக்கலாம். கைப்பேசியில் பணம் அனுப்ப டூயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு தனி ஆள் பெயர் வந்தால் கொடுக்க வந்த கையும் பின்வாங்கும். சங்கத்தின் பெயரில் கணக்குத் திறந்துவிடுங்கள்.

உண்டியல் யோசனைக்கு என் பதில், வேண்டாம். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். அனுமதியே கிடைத்தாலும், படிக்க வந்த பிள்ளைகள் கையில் டின்னைக் கொடுத்து லெபோ பாசார் கடைத்தெருவில் நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கமிட்டிக்காரர்கள் வேண்டுமானால் அனுமதி வாங்கித் தாங்களே நிற்கட்டும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடைக்காரர்களுக்கு எதையும் அனுப்பாதீர்கள், பில்லோடு பில்லாகப் போய்விடும். இந்த வாரம் அந்த 9 பேருக்கு நன்றி எழுதுங்கள். உங்கள் இரண்டாவது கடிதம் தயாரானதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.